யார் சொன்னது?

விக்கிப்பீடியா என்கிற சமாச்சாரத்தை நம் நண்பர்கள் விமர்சனப் பிரச்சனையாக இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. பெ. தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் அதிகாரம் எழுதியவரிடம் இருந்தது. துறை அறிந்தவர் எழுதினார், நாம் ஒப்புக்கொண்டோம். 2003ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். அங்கே அதிகாரம் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

ஞாயிறு மாலைகளில் திருவொற்றியூரில் சில கல்லூரி மாணவர்கள் இதில் எழுதுகிறார்கள். ஆதாரங்களைப் பார்த்துச் சொல்வது என் வேலை. ராயபுரம் ரயில் நிலையம்தான் இந்தியாவிலேயே முதலாவது என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஆதாரம் ஏழு. ஏழிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை. பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853லேயே ரயில் ஓடிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது 1856ல். தென்னிந்தியாவுக்குத்தான் அது முதல்.

ஒரு ஏட்டைப் பார்த்து எழுதிய பத்து ஏடுகளும் சாட்சிக் கணக்கில் ஒன்றுதான். 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்குமுன் உ.வே.சா. ஏடு தேடி அலைந்ததும், பாடபேதங்களை ஒப்பிட்டதும் இதற்காகத்தான். அந்தப் பெண்ணுக்கு இது உடனே புரிந்தது. ஏழில் எது எதைப் பார்த்து எழுதியது என்று அவளே கண்டுபிடித்தாள். இரண்டு, விக்கிப்பீடியாவையே பார்த்து எழுதியவை.

எர்ணாவூர்ப் பையன் கேட்டதுதான் சுலபமாக இல்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யு. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்று அன்றைக்கே துறைமுகத்தின் அறிக்கை வந்தது. பிறகு கரையெல்லாம் கறுப்புக் குழம்பு ஒதுங்கி, அதை ஜனங்கள் வாளியால் மொண்டது ஊரறிந்தது. கொட்டிய அளவு பற்றிப் பின்னால் வந்த மதிப்பீடுகள் நூறு டன்னைத் தாண்டின. வாளி பிடித்தவர்களில் இவன் அப்பாவும் ஒருவர். 'எங்கப்பா நேரில் பார்த்தது' என்று அடிக்குறிப்பு போட்டிருந்தான். அடிக்கச் சொன்னேன்.

"துறைமுகம் சொன்னதைப் போடலாம், எங்கப்பா சொன்னதைப் போடக்கூடாதா, சார்?"

வங்கிக் கௌண்டரில் செக்கை நீட்டுகிறவர் யோக்கியரா என்று நான் பார்ப்பதில்லை. கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன். ஆதாரத்துக்கும் ஏறக்குறைய அதே விதி: எங்கோ இருக்கிற வாசகன் எடுத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். துறைமுகத்தின் அறிக்கை, துறைமுகம் அப்படிச் சொன்னது என்பதற்கு மட்டும் ஆதாரம். மாசு இல்லை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது, சம்பந்தப்பட்டவர் வாக்குமூலம் அது. இதைச் சொன்னேன். அறிக்கையை 'துறைமுகம் தெரிவித்தது' என்று எழுதி, பக்கத்திலேயே கரைக்குப் போய்வந்த நிருபர்களின் செய்திகளைத் தேதியோடு வைத்தோம். பக்கம் நேராயிற்று.

ஆனால் அவன் கேள்வி நேராகவில்லை. நிறுவனங்களிடம் அச்சு இருக்கிறது, குப்பத்திடம் இல்லை. அச்சிலிருப்பதே அறிவு என்று வைத்துக்கொண்டால், அச்சு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சரித்திரம்தான் மிஞ்சும். 2011ல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மலையாளம், இந்தி, செபெடி மொழிகளில், வாய்மொழிப் பேட்டிகளையே ஆதாரமாக்கிப் பார்க்கும் பரிசோதனை ஒன்று நடந்தது. ஒலிப்பதிவு இருந்தால் வாசகன் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது அதன் நியாயம். விதி மட்டும் மாறிவிடவில்லை.

விதியைத் தளர்த்துவது எனக்கும் சம்மதமில்லை. இவன் அப்பாவுக்குத் திறக்கிற கதவு, ராயபுரம் பற்றிய அந்த ஏழு கட்டுரைகளுக்கும் திறக்கும். கலைக்களஞ்சியம் ஏற்கனவே எழுதப்பட்டதைத் தொகுக்கிற இடம். எழுதப்படாததை எழுத வேறு இடம் வேண்டும். சொன்னவர், எழுதியவர், ஆசிரியர் மூவரும் பெயர் போட்டுப் பொறுப்பேற்கிற இடம் அது. முன்னூறு பிரதி போடுகிற பத்திரிகைக்கும் அந்தத் தகுதி உண்டு. நம் பக்கங்களில் கவிதை இருக்கிறது, கவிதை பற்றிய சண்டை இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் ஒருவர் தேதியும் இடமும் வைத்துச் சொன்னதை நாம் அச்சிட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

பையனிடம் அப்பாவை உட்காரவைத்து எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நாற்பது பக்க நோட்டில் பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது.