பத்து நாள் தண்ணீர்

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. மாடியில் ஆறு தக்காளிச் செடிகள், காய் பிடிக்கும் பருவம். "நான் ஊத்துறேன் தம்பி" என்றார் கீழ்வீட்டு அக்கா. ஊற்றுவார், ஞாபகம் வரும்போது இரண்டு வாளி. தக்காளிக்கு அந்தத் தாராளம் ஆகாது. காய்ந்த மண்ணில் திடீரென நீர் பெருகினால் பழம் வெடிக்கும். ஈரம் ஏறி இறங்கினால் கால்சியம் காய்க்குப் போய்ச்சேராமல் அடிப்பக்கம் கறுத்துவிடும். டைமர் வாங்கலாம்தான். ஆனால் நாள் முழுக்க சர்வர்களோடு மல்லுக்கட்டுபவனுக்கு இயந்திரங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

பூச்சில்லாத மண்கலயங்களைத் தொட்டிகளில் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடினேன். மண் காயக்காய, கலயத்தின் சுவர் வழியே தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டு வேளாண் நூலிலேயே இருக்கிற முறை. வற்றினால் நிரப்புவது மட்டும் அக்காவின் வேலை.

நான்காம் நாள் போன் வந்தது. "செடிக்கு நேரா ஒரு சொம்புகூட ஊத்தக்கூடாதா?" கண்ணில் பச்சைத் துணியோடு படுத்திருந்த அப்பா சொன்னார்: "ஊத்தச் சொல்லுடா, பாவம்."