பெயரில் விடுபட்ட மலை

ஆப்பிரிக்க வயலட் என்னும் பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. முதற்சொல் ஒரு கண்டம் முழுவதையும் சுட்டுகிறது. செடியோ தான்சானியாவின் கிழக்கிலும் கென்யாவின் தென்கிழக்கிலும் உள்ள சில மலைகளுக்கும் கடலோரக் காடுகளுக்கும் மட்டுமே உரியது. இரண்டாம் சொல் செடியின் குடும்பத்தையே மாற்றிவிடுகிறது. ஐரோப்பியத் தோட்டங்களின் வயலட் வயோலேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ கெஸ்னேரியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் இணைப்பது பூவின் ஊதா நிறம் மட்டுமே. ஒரு சொல் மிக அகலம், மற்றொரு சொல் பிழை. இந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் இச்செடி உலகின் மிகப் பரவலான வீட்டுச் செடிகளுள் ஒன்றாயிற்று.

ஜெர்மானியர் இதை உசம்பாரா வயலட் என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். வயலட் என்னும் பிழை அங்கும் உண்டு. ஆனால் ஊர் தப்பியிருக்கிறது. உசம்பாரா என்பது தான்சானியாவின் வடகிழக்கிலுள்ள மலைத்தொடர். அங்கு வாழும் ஷம்பா மக்கள் தங்கள் நாட்டை ஷம்பாய் என்பர். அச்சொல்லின் திரிந்த வடிவமே உசம்பாரா. ஆக, ஒரு மக்கள் இனத்தின் பெயர் உருச்சிதைந்தேனும் ஜெர்மன் மொழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அதுவும் உதிர்ந்து கண்டம் மட்டுமே மிஞ்சியது. தமிழுக்குப் பெயர் வந்து சேர்ந்தது ஆங்கிலத்தின் வழியாக. பூவின் பெயராலேயே நிலத்தை அழைத்த மரபுடைய மொழி தமிழ். குறிஞ்சி என்றால் பூவும் அதுவே, மலையும் அதுவே. அம்மொழியிலும் இந்தப் பூ தன் மலையை இழந்தே வழங்குகிறது. குறிஞ்சிச் செடியும் இச்செடியும் லாமியேலிஸ் என்னும் ஒரே வரிசைக்குள் அடங்கும் தூரத்து உறவுகள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அறிவியற்பெயரின் கதை வேறு. ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா மாவட்ட அதிகாரியாக இருந்தவர் வால்டர் ஃபான் செயின்ட் பால் இல்லேர். அவர் டாங்காவுக்கு அருகிலிருந்த சுண்ணாம்புப் பாறைகளிலும் உசம்பாராக் காட்டிலும் இச்செடியைக் கண்டு, ஜெர்மனியிலிருந்த தம் தந்தைக்கு அனுப்பினார். தந்தை தாவர ஆர்வலர். அவர் வழியாக அது ஹனோவரின் ஹெரென்ஹவுசன் தோட்டத்தைச் சென்றடைந்தது. அங்கிருந்த ஹெர்மன் வெண்ட்லாண்ட் 1893இல் அதை விவரித்து, தந்தை மகன் இருவரின் நினைவாக செயின்ட்பாலியா அயோனந்தா என்று பெயரிட்டார். அயோனந்தா என்னும் கிரேக்க ஆக்கச்சொல்லுக்கு வயலட் போன்ற பூவுடையது என்று பொருள்.

அந்த அதிகாரி மொழியறியாதவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. 1890இல் ஸ்வாஹிலி மொழிக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டவர் அவர். ஒரு மொழியின் சொற்களைத் தொகுத்தவரின் கைவழியே சென்ற செடிக்கு வாய்த்த பெயரில் கிரேக்கம் இருந்தது, அதிகாரியின் குடும்பப்பெயர் இருந்தது. அம்மண்ணின் மொழிகளிலிருந்து ஓர் அசைகூட இல்லை. இதைத் தனிமனிதர் ஒருவரின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பெயரிடும் உரிமை எங்கே இருந்ததோ அங்கிருந்து பெயர் வந்தது, அவ்வளவே. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2015இல் செயின்ட்பாலியா என்னும் பேரினமே ஸ்ட்ரெப்டோகார்பஸ் பேரினத்துள் சேர்க்கப்பட்டது. அதிகாரியின் பெயர் ஓர் உட்பிரிவின் பெயராகச் சுருங்கியது. புதிய பேரினப் பெயருக்குத் திருகிய கனி என்று பொருள். இச்செடியின் கனியோ திருகுவதில்லை. பொருந்தாப் பெயர் இதன் விதி போலும்.

பெயரில் விடுபட்ட ஊர் வேறோர் இடத்தில் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. விளக்கொளியில் இச்செடியை வளர்ப்பதற்கான விதிகளே அந்த இடம். தில்லியிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் அடுக்ககங்களுக்குள் இதை வளர்ப்பவர்களின் ஏற்பாடு ஏறத்தாழ ஒன்றே. நான்கைந்து தட்டுகள் கொண்ட இரும்பு அலமாரி; ஒவ்வொரு தட்டின் அடியிலும் எல்இடி குழல்விளக்குகள்; விளக்கை ஏற்றி அணைக்க ஒரு டைமர்; கீழே வரிசையாகச் சிறு தொட்டிகள். டைமரைப் பெரும்பாலோர் 10 முதல் 12 மணிநேரத்துக்கு வைக்கின்றனர். உசம்பாரா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 5 பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் 12 மணிநேரத்தை ஒட்டியே நிற்கும். தில்லியின் டிசம்பர்ப் பகலோ பத்தே கால் மணிநேரம். அந்த மாதத்தில் அலமாரிக்குள் எரியும் விளக்கு, சன்னலுக்கு வெளியே இல்லாத ஒரு பகலை உள்ளே நீட்டித் தருகிறது.

விளக்குக்கும் இலைக்கும் இடையே 20 முதல் 30 சென்டிமீட்டர் விடுவது வழக்கம். எண்ணைவிட இலையே தெளிவாகப் பேசும். ஒளி போதாதபோது இலைக்காம்புகள் நீண்டு, இலைகள் கைகூப்புவதுபோல் மேலெழும், பூ வராது. ஒளி மிகும்போது நடுவிலுள்ள இளஇலைகள் நெருங்கி இறுகி, நிறம் வெளிறி, வெளிவட்ட இலைகள் தொட்டியின் விளிம்பைத் தழுவிக் கீழ்நோக்கி வளையும். ஒளி அளவாக இருந்தால் இலைகள் கோலமிட்டதுபோல் தட்டையான வட்டமாக விரியும். காட்டில் இச்செடி பெருமரங்களின் நிழலில், பாறைச் சரிவில் வாழ்கிறது. நேர்வெயில் அதற்கு அறிமுகமற்றது. அது கேட்பது கிளைகளினூடே வடிகட்டி இறங்கும் மங்கிய ஒளியை, நாள் தவறாமல், நெடுநேரம். அதிகம் சுடாத குழல்விளக்கு அதைத்தான் தருகிறது.

நீர் விதிகளும் அவ்வாறே. தொட்டியின் அடித்துளை வழியாக ஒரு நைலான் அல்லது அக்ரிலிக் நூலைச் செலுத்தி, மறுமுனையை நீர்க்கிண்ணத்தில் விடுவர். அகலின் திரி எண்ணெயை மேலிழுப்பதுபோல அந்நூல் நீரைச் சிறிது சிறிதாக ஏற்றும். பருத்தித் திரி விரைவில் அழுகிவிடும். பாசி படர்ந்த பாறையில் இடைவிடாது கசியும் ஈரத்தின் மறுவடிவம் இது. கலவை மண் கனமாக இருக்கலாகாது. தென்னைநார்த் தூளுடன் பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும் கலந்த உதிரியான கலவையே ஏற்றது. இலைவட்டத்தின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கே தொட்டியின் அகலம் என்பது வளர்ப்பவர்கள் மரபாகக் கொள்ளும் கணக்கு. பெரிய தொட்டி கொடுப்பது அன்பன்று. மெல்லிய வேர்கள் எட்டாத மண்ணில் நீர் தேங்கி வேரழுகல் வரும். பாறைப் பிளவில் ஒரு பிடி மக்குக்குள் வாழப் பழகிய வேர்கள் அவை.

இலைமீது குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய வளையங்கள் தோன்றும். நோயென்று அஞ்சி மருந்து தெளிப்போர் உண்டு. இலையின் வெப்பநிலை திடீரென இறங்கும்போது மேற்றோலுக்கு அடியிலுள்ள உயிரணுக்கள் சிதைவதே அதன் காரணம்; மருந்து ஏதும் உதவாது. அறையின் வெப்பநிலையிலேயே வைத்திருந்த நீரை ஊற்றுவதே தீர்வு. 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருக்கும் அறையை இச்செடி விரும்பும். வடஇந்தியாவின் மே மாதத்தில் மொட்டுகள் விரியாமலே கருகுவதும், ஜனவரியில் செடி உறைந்தாற்போல் நின்றுவிடுவதும் இதனால்தான். அந்த மாதங்களில் உரத்தை நிறுத்திவிட்டுச் செடியை உயிரோடு வைத்திருப்பதே போதுமென்று அனுபவமுள்ளவர்கள் கருதுவர்.

பூக்கள் இலைக்கக்கங்களில் பிறக்கின்றன. எனவே பூ வேண்டுமெனில் புதிய இலைகள் தொடர்ந்து வர வேண்டும். பக்கக் கன்றுகளை நீக்கிச் செடியை ஒற்றைமுடியாக வைத்திருக்க வேண்டும். கால்பங்கு வலிமைக்குக் கரைத்த உரமே போதும். பூவைக் கூர்ந்து நோக்கினால் ஒரு விந்தை தெரியும். நடுவே தடித்த இரண்டு மஞ்சள் மகரந்தப்பைகள் இருக்கும். சூல்தண்டோ நேரே நில்லாமல் ஒரு பூவில் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். தேன் கிடையாது, வரும் தேனீக்கு மகரந்தமே ஊதியம். ஒரு பூவில் தேனீயின் உடலின் ஒருபக்கத்தில் ஒட்டிய மகரந்தம், எதிர்ப்பக்கம் சாய்ந்த வேறொரு பூவின் சூல்முடியைச் சென்று தொடுவதற்கு வாய்ப்பான அமைப்பு அது. அலமாரியில் தேனீ இல்லை. ஆயினும் ஒவ்வொரு பூவும் இடமோ வலமோ சாய்ந்து, வாராத விருந்தினருக்கு வழிவிட்டு நிற்கிறது.

தேனீ வாராததால் விதையும் இல்லை. பெருக்கம் இலைவழியே நடக்கிறது. ரணகள்ளியின் இலையோரத்தில் கன்று முளைப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. நலமான இலையொன்றைக் காம்பு சுமார் 3 சென்டிமீட்டர் இருக்கும்படி சாய்வாக நறுக்கி ஈரக்கலவையில் நட்டால், சில வாரங்களில் வேரும் இரண்டு மூன்று மாதங்களில் கன்றுகளும் வரும். அக்கன்றுகள் தாயின் பிள்ளைகள் அல்ல, தாயே. கையிலிருந்து கைக்கு இலையாகவே பயணம் செய்த ஒரு செடி, ஆயிரம் வீடுகளில் ஒரே சமயத்தில் வாழ்கிறது.

இந்தப் பரவலின் பெரும்பகுதி 1920களில் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கியது. அர்மகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் என்னும் பண்ணை, ஐரோப்பாவிலிருந்து தருவித்த விதைகளில் முளைத்த நாற்றுகளிலிருந்து பத்தே வகைகளைத் தேர்ந்து வெளியிட்டது. அவற்றுள் புகழ்பெற்றது புளூ பாய். அதன் திடீர்மாற்றங்களிலிருந்து புதுவகைகள் பல பிறந்தன. இலையடியில் வெண்புள்ளியுடன் தோன்றிய ஒன்றுக்குப் புளூ கேர்ள் என்று பெயர் வைத்தார்கள். அன்றுமுதல் அத்தகைய இலைக்குப் பெண்ணிலை என்றும், புள்ளியற்ற எளிய இலைக்கு ஆணிலை என்றும் வழக்கு ஏற்பட்டது. பாலுக்கும் இலைக்கும் தொடர்பில்லை. ஒரு வகையின் பெயர் ஓர் இலக்கணமாயிற்று. 1946இல் அமெரிக்க ஆப்பிரிக்க வயலட் சங்கம் தோன்றியது. குழல்விளக்குகள் பரவியதும், சன்னலில்லாத நிலவறைகளிலும் பூத்தட்டுகள் ஏறின. இன்று பல்லாயிரம் வகைகள் உள்ளன. ஆனால் அவற்றின் மூதாதையரை எண்ணினால் தொகை மிகச் சிறியது.

இந்த மிகுதியைக் கண்டு செடி பிழைத்துவிட்டது என்று எண்ணுவது எளிது. காட்டின் நிலை வேறு. கென்யாவின் டைட்டா குன்றுகளில் உள்ள ஓர் இனம் ம்போலோலோ என்னும் ஒற்றைக் குன்றில் மட்டுமே இருக்கிறது. உசம்பாராவில் ஜெர்மானியர் காலத்திலிருந்தே காட்டின் பகுதிகள் தோட்டப்பயிர்களுக்காகத் திருத்தப்பட்டன. இன்று கிழக்கு உசம்பாராவில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. எஞ்சிய காட்டின் நிழலில் ஏலக்காய் பயிரிடப்பட்டது. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி. அதற்காகக் கீழ்மட்டப் புதர்கள் அகற்றப்பட்டு மேல்விதானமும் தளர்த்தப்படும். வாழ வழி தேடும் சிறு விவசாயியைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. ஆனால் விதானம் திறந்தால் வெயில் பாறையைத் தொடும், பாசி காயும், பாசியோடு இச்செடியும் காயும். தென்னிந்திய மலையின் செடியொன்று அங்கே நிழலைக் குறைக்க, அம்மலையின் செடி இந்திய அறைகளில் விளக்கின் கீழ் நிழலைத் தேடுகிறது.

அலமாரி ஒரு மொழிபெயர்ப்பு. ஒளியின் நீளம், ஈரத்தின் கசிவு, பாறைப் பிளவின் குறுகல் ஆகியவற்றை அது டைமராகவும் திரியாகவும் சிறு தொட்டியாகவும் பெயர்த்திருக்கிறது. வியக்கத்தக்க திருத்தத்தோடு பெயர்த்திருக்கிறது. ஆயினும் மூலம் அழிந்தபின் மொழிபெயர்ப்பைக் கொண்டு மூலத்தை மீட்க முடியாது. அலமாரியிலுள்ளவை பெரும்பாலும் ஒருசில செடிகளின் படிகள். வறட்சியைத் தாங்கிய செடி, பூஞ்சையை வென்ற செடி, அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்த மகரந்தத்தால் உருவான செடி ஆகிய அனைத்தும் அந்தப் பாறைகளில்தான் இருக்கின்றன. தேனீயும் அங்குதான் இருக்கிறது.

1997இல் அமானி இயற்கைக் காப்பகம் அமைக்கப்பட்டபின் கிழக்கு உசம்பாராக் காட்டின் ஒரு பகுதிக்குக் காவல் கிடைத்துள்ளது. கலப்பினங்களோடு காட்டு இனங்களையும் வளர்ப்பவர்கள் உலகெங்கும் சிலர் உண்டு. அவற்றின் பூ சிறியது, எளியது; கண்காட்சியில் எளிதில் பரிசு வெல்லாது. ஆனால் அத்தகைய செடிகள் சிலவற்றின் தொட்டியில் செருகிய சீட்டில், இனத்தின் பெயரோடு அது எடுக்கப்பட்ட ஊரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இலையைப் பிறருக்குக் கொடுக்கும்போது அந்த ஊர்ப்பெயரையும் பிழையின்றிப் படியெடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களிடையே எழுதப்படாத ஒழுங்கு. ஊர்ப்பெயர் தொலைந்த செடி அவர்களுக்கு மற்றுமோர் ஊதாப்பூ மட்டுமே.