ஆறு ரப்பர் துண்டுகள்

பழைய டிரக்கைப் புதுப்பிக்கிறவர்கள் எதற்கெல்லாம் காசைக் கொட்டுவார்கள், சொல்லுங்கள்? எஞ்சினுக்கு, பெயின்ட்டுக்கு, சீட்டுக்கு. பார்க்கிறவர்கள் 'ஆஹா' சொல்ல வேண்டுமே! ஆனால் கதவு ஒழுங்காகச் சாத்துவது, யார் கண்ணிலும் படாத சில ரப்பர் துண்டுகளின் தயவில்தான். 'பாடி மவுன்ட் புஷ்' என்று பெயர்.

பிக்கப் டிரக்கில் அடியில் இருக்கும் சேஸிஸ் தனி, மேலே கேபின் தனி. இரண்டையும் நேரடியாக முடுக்கினால் ரோட்டின் ஒவ்வொரு குலுக்கலும் நம் முதுகெலும்புக்கு வந்துவிடும். அதனால் நடுவே ரப்பர். 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10ல் கேபினுக்கு நான்கு, முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்துக்கு இரண்டு. மொத்தமே ஆறு!

2019ல் டெக்ஸாஸில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், ஒரு 1970 மாடல் சி-10ஐப் பிரித்துப் போட்டிருந்தார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. எனக்கு டார்ச் பிடிக்கிற உத்தியோகம்.

பழைய புஷ்ஷைக் கழற்றிக் காட்டினார். பிஸ்கட் மாதிரி நசுங்கி, நிமிண்டினால் உதிர்ந்தது. புது செட்டில் மேலே ஒரு ரப்பர், கீழே ஒரு ரப்பர், நடுவில் சின்ன இரும்புக் குழல், அகல வாஷர், போல்ட். குழல் எதற்கு என்று கேட்டேன். ஓர் அளவுக்கு மேல் முடுக்க விடாமல் தடுக்கவாம். அதைப் போடாமல் பலத்தைக் காட்டினால் ரப்பர் பிதுங்கிச் செத்துப்போகும்.

அப்புறம் வரிசை. போல்ட் எல்லாவற்றையும் முதலில் லூஸாகத்தான் மாட்ட வேண்டும். கேபின் உட்கார்ந்ததும் கதவு. கதவை வைத்து மட்கார்டு. மட்கார்டை வைத்து பானெட். இடைவெளி கோணலாக இருந்தால் ரேடியேட்டர் சட்டத்துக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து ஏற்றி இறக்கலாம். எல்லாம் ஒத்துவந்த பிறகுதான் கடைசி முடுக்கு. ஆறையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுவது நல்லது. பாதி புதுசு, பாதி பழசு என்றால் கேபின் சாய்ந்துவிடும்.

பாலியூரிதேன் புஷ்ஷும் கிடைக்கிறது. ரப்பரைவிட அதிக நாள் உழைக்கும். ஆனால் கெட்டி, அதிர்வைக் கொஞ்சம் உள்ளே விடும். பெரியவர் ரப்பர்தான் வாங்கினார். "அப்பா ஓட்டுறப்ப வண்டி எப்படி ஆடுச்சோ, அப்படியே ஆடணும்" என்றார்.

"அடுத்து உங்க பையன் ஓட்டுவாரா?" என்றேன்.

"அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது. நான் போனதும் வித்துடுவான்."

"பின்னே எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?"

"வாங்குறவனுக்காவது கதவு சாத்தணும் இல்லையா?"

நான் படித்த பி.காமில் தேய்மானம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கணக்குப்படி அந்த வண்டியின் மதிப்பு என்றைக்கோ பூஜ்யமாகியிருக்கும். பெரியவரின் பதிலை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

உங்கள் காரில் இந்த ஆறும் இருக்காது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் பாடியே சட்டம். ஆனால் எஞ்சின் மவுன்ட்டில் ரப்பர் உண்டு. நின்றிருக்கும்போது ஸ்டியரிங் வழக்கத்துக்கு மாறாக நடுங்கினால், அடுத்த சர்வீஸில் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் படாதவற்றையும் நாம்தானே கேட்டுச் செய்ய வேண்டும்?