வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிய தலைமை நீதிபதி

ஒரு நீதிபதியைத் தேர்தலில் தோற்கடிக்க முடியுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் முடியும். அங்கே மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியை ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் அடுத்த ஆளுநர் தேர்தலின்போது அந்த நீதிபதியின் பெயரும் வாக்குச்சீட்டில் வந்துவிடும். எதிர் வேட்பாளர் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான். இவர் பதவியில் தொடரலாமா, வேண்டாமா?

இந்த முறை 1934இல் வந்தது. அரை நூற்றாண்டு காலம் அது வெறும் சடங்காகவே இருந்தது, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர்கூடத் தோற்றதில்லை. 1986இல் முதல் முறையாகத் தோற்றார்கள். அவர்களில் ஒருவர் தலைமை நீதிபதி. பெயர் ரோஸ் பேர்ட்.

1936இல் அரிசோனாவில் பிறந்தவர் ரோஸ் பேர்ட். தாய் நியூயார்க்கில் தொழிற்சாலை வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். மகள் பெர்க்லியில் சட்டம் படித்து 1965இல் பட்டம் பெற்றார். குற்றம் சாட்டப்பட்டு, வக்கீல் வைக்கக் காசில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் அலுவலகம் ஒன்று சாந்தா கிளாரா கவுண்டியில் இருந்தது. அங்கே சேர்ந்த முதல் பெண் வழக்கறிஞர் அவர்தான்.

1975இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை விவசாயத் துறையின் செயலாளராக்கினார். கலிபோர்னியா அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. அந்தக் காலத்தில் அங்குள்ள பண்ணைகளில் கூலியாட்கள் கைப்பிடி குட்டையான களைக்கொத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே வேலை. யாராவது நிமிர்ந்தால் மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்! அந்தக் கருவிக்கு 1975இல் முடிவு கட்டப்பட்டது. பண்ணைத் தொழிலாளர்கள் சங்கம் சேரும் உரிமையும் அதே ஆண்டில் சட்டமானது. இரண்டிலும் ரோஸ் பேர்டுக்குப் பங்கு உண்டு. பண்ணை முதலாளிகள் இதை மறக்கவில்லை.

1977இல் பிரவுன் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். வயது 40. அந்த நீதிமன்றத்தில் அதற்கு முன் பெண் யாரும் அமர்ந்ததில்லை. அவரோ அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்ததில்லை. எதிர்ப்பு முதல் நாளிலேயே தொடங்கியது. 1978 வாக்கெடுப்பில் சுமார் 52 சதவீதம் பெற்று மயிரிழையில் தப்பினார்.

அதே 1978இல் மக்கள் மரண தண்டனையை விரிவாக்கும் சட்டத்தை வாக்களித்துக் கொண்டு வந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் ரோஸ் பேர்ட் முன் 61 மரண தண்டனை வழக்குகள் வந்தன. 61இலும் தண்டனையை ரத்து செய்யவே அவர் வாக்களித்தார்.

ஒன்றில்கூடவா தண்டனை சரியாக இருந்திருக்காது? மக்கள் கேட்ட கேள்வி இதுதான். அதை அநியாயமான கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. கொள்ளையின்போது நடந்த கொலைக்கு மரண தண்டனை தர வேண்டுமானால் கொல்லும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. ஜூரிகளுக்கு இதைச் சொல்லாமல் நடந்த விசாரணைகள் பல. அதனால் பல தண்டனைகள் நிற்கவில்லை.

இந்த விளக்கமெல்லாம் முப்பது விநாடி டிவி விளம்பரத்தில் அடங்குமா? எதிர்த்தரப்பின் விளம்பரத்தில் கொல்லப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் பேசினார்கள். அதற்கு ஒரு நீதிபதி என்ன பதில் சொல்ல முடியும்? 1986 நவம்பரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்கள் "வேண்டாம்" என்றார்கள். அவரோடு சேர்ந்து குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் கிரோடின் என்ற இரண்டு நீதிபதிகளும் பதவி இழந்தார்கள்.

காலியான இடங்களை ஆளுநர் டியூக்மேஜியன் நிரப்பினார். 1987இலேயே புதிய நீதிமன்றம் அந்த 1983 தீர்ப்பை மாற்றி எழுதியது. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை, நீதிபதிகள்தான் மாறியிருந்தார்கள்! 1992 முதல் 2006 வரை கலிபோர்னியாவில் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2019இல் ஆளுநர் நியூசம் அதை நிறுத்தி வைத்தார்.

ரோஸ் பேர்ட் மீண்டும் எந்தப் பெரிய பதவிக்கும் வரவில்லை. பாலோ ஆல்டோவில் தாயோடு வாழ்ந்தார். ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனபோது, அவர் யாரென்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவரும் தான் யாரென்று சொல்லாமல் செய்து கொடுத்தார். பல ஆண்டுகள் போராடிய மார்பகப் புற்றுநோய் 1999 டிசம்பரில் அவர் உயிரைப் பறித்தது. வயது 63.

மக்களுக்கு யாருமே பதில் சொல்லத் தேவையில்லை என்றால் அது ஜனநாயகம் இல்லை. ஆனால் அடுத்த தேர்தலை நினைத்துக்கொண்டே ஒருவர் தீர்ப்பு எழுதினால், கூண்டில் நிற்பவனுக்கு அங்கே என்ன நீதி கிடைக்கும்?