சாம்பாரும் நானே, சோப்பும் நானே

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரலை. இடையில வீட்டுல ஒரு பெரிய கலவரம். காரணம், அரைக் கரண்டி சாம்பார்.

இங்கே நொய்டாவுல பொண்ணோட முதல் பிறந்தநாள். தங்கமணி கட்டியிருந்தது அம்மாவோட காஞ்சிபுரம் பட்டு, ஆகாய நீலம். சீட்டுப் பணத்துல அம்மா ஆசையா வாங்கினது. "இனிமே நீயே கட்டிக்கோம்மா"ன்னு போன தீபாவளிக்குத்தான் கொடுத்தாங்க. பரிமாறுறேன் பேர்வழின்னு வாளியைத் தூக்கினது நான். முந்தானையில சாம்பார்.

அதோட விட்டிருக்கலாம். புடவையை மாத்தச் சொல்லி, பாத்ரூமுக்குக் கொண்டுபோய், குளியல் சோப்பைப் போட்டுத் தேய்ச்சேன். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாயிடுச்சு. அவ்வ்வ்!

அப்புறம்தான் மண்டையில உறைச்சது. மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா சிவக்கும், ஆரத்தி கரைச்ச எல்லாருக்கும் தெரியும். சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரம்தான். நல்ல தண்ணியில அலசி அலசி, நாலு சொட்டு எலுமிச்சை கலந்த தண்ணியை ஒத்தினதும் பழையபடி மஞ்சளாச்சு. (உள் ஓரத்துல சாயம் போகுதான்னு பார்த்துட்டுத்தான். ஜரிகையில படாமலும்.)

பட்டு நம்ம தலைமுடி மாதிரி புரதம், காரம் ஆகாது. ப்ளீச்சிங் பக்கமே போகக் கூடாது, இழையையே அரிச்சுடும். முதல்ல நான் செஞ்சிருக்க வேண்டியது, வழிச்சு எடுத்துட்டு முகப் பவுடரைக் கொட்டி வச்சிருக்கணும், எண்ணெயை அது இழுத்துக்கும். தேய்ச்சே இருக்கக் கூடாது.

டிரைகிளீன் பையா எண்ணெயை எடுத்துட்டார். "ஹல்தி நஹி ஜாயேகா"ன்னு கையை விரிச்சுட்டார்.

மஞ்சளுக்கு எமன் வெயில். ஆனா பட்டுச் சாயத்துக்கும் அதே எமன்! மீதிப் புடவையைப் போர்வையால மூடி, கறையை மட்டும் பால்கனி வெயிலுக்குக் காட்டினேன். அரை மணி நேரம், நாலு நாள். காவலுக்கு நான், புறாக்கள் வேற. மஞ்சள் மங்கிடுச்சு. ஆனா தேய்ச்ச இடத்துல பளபளப்பு போய், ஒரு ரூபாய் அளவுக்கு நூல் சிலும்பி நின்னுச்சு. அதுக்கு வைத்தியம் கிடையாது.

நடுவுல அம்மா போன். "பட்டு கட்டினாளா? எப்படி இருந்துச்சு?" நான் உளறினேன், "சாம்பார் கொட்டிக்கிட்டா". 'கொட்டிக்கிட்டா'! பக்கத்துல நின்ன தங்கமணி ஒண்ணும் சொல்லலை. ரெண்டு நாளைக்கு எதுவுமே சொல்லலை. திட்டியிருந்தா தேவலை.

போன வாரம் அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினாங்க. சாயங்காலமே புடவையைக் கேட்டு வாங்கி, முந்தானையை விரல்ல தடவிக்கிட்டே வந்தாங்க. சரியா அந்த இடத்துல விரல் நின்னுச்சு.

"சோப்புப் போட்டாச்சா?"

தங்கமணி என்னைப் பார்த்தா.

"நான்தாம்மா. சாம்பார் கொட்டினதும் நான்தான். போன்ல மாத்திச் சொல்லிட்டேன்."

அம்மா நிமிரவே இல்லை. "தெரியும்டா. பட்டுல சோப்பு போடற அளவுக்கு அவ முட்டாள் இல்லை."

புடவையை மடிப்பு மாத்தி மடிச்சு, தங்கமணி கையில கொடுத்துட்டு, காபி கேட்டாங்க. நான்தான் போட்டேன்.