வெள்ளைக் கவர்

நேற்று ஒரு கல்லூரியில் மகளிர் தின உரை. முடிந்ததும் வழக்கம்போலப் பொன்னாடை, ஒரு வெள்ளைக் கவர். உள்ளே ஆறாயிரம். ஐந்தாயிரத்தைத் தாண்டியதால் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. எனக்கு முன்னால் பெண் விடுதலை பற்றிப் பேசிய ஐயாவின் கவர் கொஞ்சம் தடிமனாக இருந்தது. பார்த்தேன், அவ்வளவுதான்.

மேடைப் பணம் எதுவும் வீட்டுக்கு வராது என்று நானும் தோழிகள் சிலரும் பேசி வைத்திருக்கிறோம். அது இந்திய மகளிரியல் சங்கத்துக்குப் போகிறது. 1981இல் பம்பாய் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டின் தொடர்ச்சியாக, 1982இல் உருவான அமைப்பு. அதற்கும் முன்னால், இந்தியப் பெண்களின் நிலை பற்றிய 1974 அறிக்கை. வீணா மஜும்தார் உறுப்பினர் செயலராக இருந்த குழு எழுதியது. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971இல் 930. நாடு முன்னேறுகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தச் சரிவை நம் முன்னால் எடுத்து வைத்தவர்கள் அவர்கள். மேடையில் நான் கைதட்டல் வாங்குவதில் பாதி அவர்கள் தோண்டி எடுத்தது. கடனைத்தான் அடைக்கிறேன்.

கெஸ்ட் லெக்சரராக இருக்கும் தங்கைகள் இதைப் படித்துக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். உங்கள் கவர் உங்களுக்கே. நிரந்தர வேலையில் மாதச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களைத்தான் கேட்கிறேன்.

அடுத்த மார்ச்சில் அழைக்கப்போகிறவர்களே, செக்கைச் சங்கத்தின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். பொன்னாடை வேண்டாம், பீரோவில் இடமில்லை.