காத்திருக்காத தாளம்

முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறுபத்திரிகையில் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ‘ஸின்தஸைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்பது தட்டின் பெயர். 1982இல் எச்.எம்.வி. முத்திரையில் வந்தது. ‘சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். எழுதியபோது அதிலுள்ள பத்து ராகங்களில் இரண்டைத்தான் முழுதாகக் கேட்டிருந்தேன். மீதி எட்டையும் ஆங்கிலப் பத்திரிகைகள் எனக்காகக் கேட்டு வைத்திருந்தன.

இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நம் பத்திரிகைகளின் வாசகர் தொகைக்கு அது அதிசயமுமில்லை. ஒருவர் மட்டும் கேட்டார். திருவள்ளூரில் இருக்கும் என் மாமா. வீட்டில் ஹார்மோனியம் வைத்துக்கொண்டு பஜனைக்கு வாசிப்பவர். கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டு, “எல்லாம் சரிப்பா. அந்தாளு எப்படி வாசிக்கிறாருன்னு எங்கயும் காணோமே. நீ கேட்டியா இல்லையா?” என்றார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். கேள்வி மழுங்கவில்லை. இந்தக் கட்டுரை அதற்குத் தாமதமான பதில்.

விவரங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சரண்ஜித் சிங் பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்துப் பிழைத்தவர். சங்கர் – ஜெய்கிஷன், ஆர். டி. பர்மன் போன்றவர்களுக்காக வாசித்தவர். சினிமாப் பாட்டுகளைத் தன் வாத்தியத்தில் வாசித்துத் தட்டுகளும் போட்டிருக்கிறார். படத்தின் டைட்டிலில் பெயர் வராத, ஆனால் இல்லாவிட்டால் பாட்டே நகராத மனிதர்களில் ஒருவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரித்த மூன்று இயந்திரங்கள் அவர் கைக்கு வந்தன. ஜுபிடர்-8 என்ற ஸின்தஸைஸர், டிஆர்-808 என்ற தாள இயந்திரம், டிபி-303 என்ற பேஸ் இயந்திரம். பம்பாய் முழுவதும் டிஸ்கோ ஓடிக்கொண்டிருந்த சமயம். 1980இல் ‘குர்பானி’, 1981இல் நாஸியா ஹஸனின் ‘டிஸ்கோ தீவானே’, 1982 முடிவில் ‘டிஸ்கோ டான்ஸர்’. அந்த டிஸ்கோத் தாளத்தை எடுத்துக்கொண்டு, தபலாவை அகற்றிவிட்டு, மேலே ராகங்களை வாசிப்பது என்பது சிங்கின் யோசனை. பாட்டு இல்லை, கதை இல்லை, பாடகி இல்லை. தட்டு விற்கவில்லை. சாஸ்திரீய சங்கீத அடுக்கில் வைப்பதா, சினிமா அடுக்கில் வைப்பதா என்று கடைக்காரர்கள் குழம்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு நடந்ததுதான் பிரபலமான கதை. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டில்லியில் பழைய தட்டு ஒன்றை வாங்கிக் கேட்கிறார். தன் காதை நம்பாமல் மறுபடி கேட்கிறார். 1987இல் சிகாகோவிலிருந்து ஃப்யூச்சர் என்ற குழு வெளியிட்ட ‘ஆசிட் ட்ராக்ஸ்’ என்ற தட்டிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை தொடங்கியது என்பது ஐரோப்பியர் படித்திருந்த சரித்திரம். இங்கே அதே டிபி-303இன் அதே நெளிவு, ஐந்து வருஷம் முன்னால். 2010இல் பௌமன் தட்டை மறுபதிப்புச் செய்தார். இது பழசே இல்லை, ரிச்சர்ட் ஜேம்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்காரரின் குறும்பு என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். சிங்குக்கோ ஆசிட் ஹவுஸ் என்ற பெயரே புதிது. எழுபது வயதுக்குப் பின் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015இல் மும்பையில் காலமானார்.

என் பழைய கட்டுரை இந்தக் கதையைத்தான் திரும்பச் சொன்னது. கூடவே ஒரு பெருமிதம். ‘நாம்தான் முதலில்’ என்கிற பெருமிதம். இப்போது யோசித்தால் அந்த வாக்கியத்தில் ‘நாம்’ என்பது யார் என்றே தெரியவில்லை. 1982இல் அதைக் கேட்காமல் விட்டவர்களும் அந்த ‘நாம்’தான். ‘முன்னோடி’ என்ற சொல்லையும் தாராளமாகப் போட்டிருந்தேன். பின்னால் ஒருவர் வந்தால்தானே முன்னோடி? சிகாகோ இளைஞர்கள் சிங்கைக் கேட்டதாக எந்த அத்தாட்சியும் இல்லை. இரண்டு இடங்களிலும் ஒரே இயந்திரம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிபி-303 உண்மையில் ஒரு தோல்வி. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரனுக்குத் துணையாக பேஸ் கிடார் வாசிக்கும் பொருட்டு 1981இல் அதைக் கொண்டுவந்தார்கள். சத்தம் பேஸ் கிடார் போல் இல்லை. சுமார் 10,000 செய்து, 1984இல் நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகுதான் அது பழைய சாமான் கடைகளில் மலிவாக சிகாகோ இளைஞர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் அதன் திருகுகளைத் திருகித் திருகி, ஸ்வரத்தைவிட அந்தத் திருகலையே இசையாக்கினார்கள். பதினாறு படிகள் கொண்ட ஒரு சின்ன வரிசை திரும்பத் திரும்ப ஓடும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே ‘ஸ்லைட்’ போட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்கிக்கொண்டு போகும். கமகத்தில் ஜாரு என்கிறோமே, அதன் முரட்டுத் தம்பி என்று சொல்லலாம்.

சிங் அந்தத் திருகுகளுக்காக இயந்திரத்திடம் போகவில்லை. ராகத்துக்காகப் போனார். ராகத்தின் ஸ்வரங்களுக்குள்ளேயே பேஸ் வரிசையை அமைத்து ஓடவிடுகிறார். அது அடிநாதமாகக் கிடந்து, ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடக்கிற தம்புரா. மேலே ஜுபிடரில் அவர் கை. சிகாகோவில் மனிதன் விலகிக்கொண்டு இயந்திரத்தைப் பேசவிட்டான். பம்பாயில் இயந்திரத்தை ஓடவிட்டு மனிதன் பேசினான். சத்தம் ஒன்றாக இருப்பதை வைத்து இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தது விமர்சனம் அல்ல, காது மந்தம்.

இந்த முறை பத்தையும் வரிசையாகக் கேட்டேன். திருவள்ளூரில் வீடு, கும்மிடிப்பூண்டியில் வேலை. ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜில் இறங்கி மாற வேண்டும். அங்கே ஏறியவுடன் தொடங்கினால் பொன்னேரிக்குள் தட்டு முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷ அளவு. முதல் ராகம் பைரவி. நம் சிந்து பைரவிக்கு நெருங்கிய உறவு. ஹிந்துஸ்தானிக் கச்சேரியை வழக்கமாக முடித்துவைக்கிற ராகம் அது. சிங் அதில்தான் ஆரம்பிக்கிறார். அடுத்து விடியலுக்குரிய லலித், உடனே மாலைக்குரிய பூபாளி, அதாவது நம் மோகனம். பிறகு காலைக்குரிய தோடி. நம் தோடி அல்ல, சுபபந்துவராளி. இரண்டாம் பக்கத்தில் மழைக்கால மேக் மல்ஹார், அந்தி நேரத்து யமன், நள்ளிரவின் மால்கௌன்ஸ். வேளையைப் பற்றிய கவலையே இல்லை. ஷிப்டு மாறி மாறிப் போகிறவனின் நாள் மாதிரி இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பத்தும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒரே நடையில் ஓடுவதால் ராகங்களுக்கு இடையேயுள்ள குணபேதம் தேய்ந்துபோகிறது. லலித்தில் இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வந்து உரசும்போது ஏற்பட வேண்டிய சங்கடம், கீபோர்டின் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் சாதுவாகிவிடுகிறது. மால்கௌன்ஸ், நம் ஹிந்தோளம், கனம் குறைந்து நிற்கிறது. ஆனால் கலாவதியும் பைரவியும் நன்றாக வந்திருக்கின்றன. தாளம் ஆரம்பிக்குமுன் ஸ்வரத்தைச் சற்று வளைத்துத் தேடுகிற சில விநாடிகளில், இது வேடிக்கைக்குச் செய்ததல்ல, வாசிக்கத் தெரிந்த ஒருவர் யோசித்துச் செய்த காரியம் என்பது தெரிந்துவிடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இயர்போனை மாமாவின் காதில் வைத்தேன். மால்கௌன்ஸ். நாலு ஸ்வரத்தில் “ஹிந்தோளம்” என்றார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்ட கேள்வி இதுதான்.

“தாளம் யாருப்பா போடறது?”

“மெஷின், மாமா.”

“அப்ப இவர் ஒரு எடத்துல நின்னா அது நிக்குமா?”

“நிக்காது. அது பாட்டுக்குப் போகும்.”

“பாவம்” என்றார். “இவரு வாசிக்கிறது அதுக்குக் கேக்காதில்ல.”

இத்தனை ஆங்கிலக் கட்டுரைகள் படித்தும் எனக்குத் தோன்றாத விஷயம் இது. வயலினையும் க்ளாரினெட்டையும் மாண்டலினையும் நாம் ஏற்றுக்கொண்டோம், அவை கமகத்துக்குப் பணிந்ததால். ஹார்மோனியம் பணியவில்லை என்று 1940இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. மாமாவுக்கு அந்தப் பழைய கோபம் இன்னும் உண்டு. ஆனால் இந்தச் சண்டைகளெல்லாம் ஸ்வரத்தைப் பற்றியவை. தாளக்காரர் ஒரு மனிதர், அவருக்குக் காது உண்டு, வாசிப்பவர் இழுத்தால் தானும் இழுத்துப் பிடிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சிங் செய்த பெரிய மாற்றம் டிஸ்கோ அல்ல. தன்னைக் கேட்காத ஒன்றோடு உட்கார்ந்து ராகம் வாசித்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா இயந்திர ஒலிகளைக் கொடுத்தபோது நாம் உடனே ஏற்றுக்கொண்டோம். அங்கே ஒரு காட்சி இருந்தது, ஆடுகிற ஒரு பெண் இருந்தாள். சிங்கிடம் அந்தத் துணைகூட இல்லை.

‘பாவம்’ என்பது முழு உண்மையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிளைக்குப் பணம் போட வரும் ஒரு ப்ரெஸ் ஆபரேட்டர் உண்டு. சிப்காட்டில் வேலை. தகடு அடிக்கிற இயந்திரம். எட்டு மணி நேரம் ஒரே அடி. காது போய்விடாதா என்று ஒருநாள் கேட்டேன். “கொஞ்ச நேரத்துல அது கேக்காது சார். அதுமேல மனசுக்குள்ள பாடிட்டே இருப்பேன். கரண்டு போனா மெஷின் நிக்கும். அப்பத்தான் பாட்டும் நின்னுடுச்சுன்னு தெரியும்” என்றார். கேட்காத தாளம் துணை அல்ல, சரி. ஆனால் அது தரையாக இருக்க முடியும். அதன்மேல் நின்று ஒருவன் தனக்குள் பாட முடியும். சிங்கின் தட்டில் நான் கேட்பது இதைத்தான். புதுமை என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். 1982, 1987 என்ற கணக்கை அல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய கட்டுரையை நான் எழுதியதற்கு உண்மையான காரணம் சங்கீதம் இல்லை. முந்நூறு பிரதி அடித்து, நூறு போக மீதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு ரகசிய ஆறுதல் உண்டு. என்றாவது ஒருநாள் ஒரு டச்சுக்காரன் வருவான், பழைய கடையில் நம்மைக் கண்டெடுப்பான் என்று. சிங்கின் கதை அந்த ஆறுதலுக்கு அத்தாட்சியாகப் பட்டது. அதனால்தான் கேட்காமலே கொண்டாடினேன். இடையில் போன இருபத்தெட்டு வருஷத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வருஷங்களில் அவர் யாருடைய முன்னோடியாகவும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தத் தட்டை வாசித்து முடித்த மனிதராக இருந்தார். யாரும் வராமல் போயிருந்தாலும் அந்தக் கலாவதி இப்படித்தான் இருந்திருக்கும். பௌமன் செய்த நல்ல காரியம் கண்டுபிடித்தது அல்ல, ஒரு தட்டைக் கடைசிவரை கேட்டது. அதை இங்கே இருந்த எவரும் செய்திருக்கலாம். நானும்தான்.

மாமா போன வாரம் தானாகவே கேட்டு வாங்கி பைரவியைப் போட்டுக்கொண்டார். வழக்கம்போலத் தொடையில் கை. ஒரு பிடியில் சிங் வளைந்து போகும்போது மாமாவின் கை அவருக்காகத் தாமதித்தது. இயந்திரம் தாண்டிப் போய்விட்டது. மாமா மறுபடி பிடித்துப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் அப்படியே ஆயிற்று. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தாளம் போடாமல், முடியும்வரை கேட்டார்.